பூட்டிவிட்டுப் போனவர் எங்கே?

நேற்றிரவு அந்தக் காணொளியின் கீழ் நடந்த கூத்தை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. வாடகை கட்டாதவர்களின் கிடங்கு அறைகளை ஏலம் விடும் 'ஸ்டோரேஜ் வார்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒரு துண்டைப் பகிர்ந்து, பணம் பண்ணும் வித்தையை இவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று நண்பர் எழுதியிருந்தார். அறைக்குள் கிடக்கும் சாமான்கள் யாருடையவை என்று ஒரே ஒரு வரி கேட்டேன். "வாடகை கட்ட வக்கில்லாதவனுடையவை" என்று பதில் வந்தது. அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளை எண்ணி முடியவில்லை. எனக்கு 'ஒப்பாரி மன்னன்' என்ற பட்டமும் கிடைத்தது. பட்டமளித்தவர்களுக்கு நன்றி.

பார்க்காமலே பேசுகிறேன் என்று ஒருவர் எழுதினார். பார்த்திருக்கிறேன் ஐயா, ரசித்தே பார்த்திருக்கிறேன். 2010 டிசம்பரில் அமெரிக்காவின் ஏ அண்ட் இ தொலைக்காட்சியில் தொடங்கிய நிகழ்ச்சி அது. கலிபோர்னியாவில் மாத வாடகைக்குக் கிடங்கு அறை எடுத்துச் சாமான்களைப் பூட்டி வைத்தவர் மூன்று மாதம் வாடகை கட்டவில்லை என்றால், பூட்டை வெட்டி அறையை அப்படியே ஏலத்தில் விடுகிறார்கள். ஏலம் எடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று ஐந்து நிமிடம் எட்டிப் பார்க்கலாம். உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. ஏலம் எடுப்பவர்களில் ஒருவரான டேவ் ஹெஸ்டர் "யூ...ப்" என்று கத்தி விலையை ஏற்றுவார். கடைசியில் யாருக்கு எவ்வளவு லாபம் என்று திரையில் கணக்கு வரும். அதில் வருவது பெரும்பாலும் 'இது இத்தனை டாலர் பெறும்' என்ற மதிப்பீடுதான், விற்றுக் கையில் வாங்கிய பணம் அல்ல என்பதையாவது வித்தை கற்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

நான் கேட்டது இவ்வளவுதான்: பூட்டை வெட்டுபவரைக் காட்டுகிறார்கள், ஏலம் விடுபவரைக் காட்டுகிறார்கள், எடுத்தவர் குதிப்பதைக் காட்டுகிறார்கள், பூட்டிவிட்டுப் போனவர் எங்கே? 2008 நெருக்கடியில் கடன் கட்ட முடியாமல் வீடிழந்து பலர் தெருவுக்கு வந்த நாட்டில், இரண்டே ஆண்டுகளில் வந்த நிகழ்ச்சி இது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நம்புகிறவர்கள் தாராளமாக நம்பிக்கொள்ளட்டும்.

சட்டப்படி முன்னறிவிப்புக் கொடுத்துத்தானே ஏலம் விடுகிறார்கள் என்று ஒரு வாதம். உண்மை. கிடங்கு வைத்திருப்பவருக்கும் பிழைப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னறிவிப்பு என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என் கல்லூரி விடுதிக் கட்டணத்துக்காக அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி எங்கள் ஊர் அடகுக் கடைக்குப் போனது. வட்டி கட்டிக்கொண்டே வந்த அப்பாவால் ஒரு கட்டத்தில் முடியவில்லை. பதிவுத் தபாலில் வந்த ஏல அறிவிப்பை அவர் படித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் அதே சட்டையைத்தான் போட்டிருந்தார். ஏலத்தன்று கடைக்கு எதிரே இருந்த டீக்கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டார். கடனும் வட்டியும் போக மிச்சப் பணம் ஏதும் வருமா என்று கேட்டு வரும்படி அம்மா சொன்னதற்கு, "எந்த மூஞ்சியோடு போய்க் கேட்பது?" என்றார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அது அவருக்கும் தெரியும். சங்கிலி போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அடகுச் சீட்டு நாட்காட்டிக்குப் பின்னால் செருகியே இருந்தது.

அன்று அந்தக் கடைக்குள்ளும் யாரோ ஒருவர் நல்ல விலைக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்திருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைப் படம் பிடித்துப் பின்னணி இசை சேர்த்து நம் வீட்டுக் கூடத்தில் ஓட விட்டிருந்தால் அப்பா எங்கே போய் உட்கார்ந்திருப்பார் என்பதுதான் கேள்வி.

இன்னொருவர், எல்லாம் செட்டப், இதற்குப் போய் ஏன் இந்தப் புலம்பல் என்கிறார். 2012இல் அந்த ஹெஸ்டரே, அறைகளுக்குள் விலையுயர்ந்த பொருட்களை முன்கூட்டியே வைக்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டி வழக்குப் போட்டார், 2014இல் சமரசமானது. குற்றச்சாட்டு பொய்யென்றால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மெய்யென்றால் இன்னும் மோசம். தோற்றுப்போன ஒருவரின் அறையில் சுவாரசியம் போதவில்லை என்று மேலே கொஞ்சம் பொரி தூவியிருக்கிறார்கள்.

'வெறும் பொழுதுபோக்கு' என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பொழுது போகட்டும்.

சிக்கனமாக இருந்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது என்று நண்பர் நள்ளிரவில் உபதேசம் வேறு செய்திருக்கிறார். அப்பா பேருந்துக்குக் கொடுக்க மனமில்லாமல் வேலைக்கு நடந்தே போனவர். எங்கள் வீட்டில் பற்பசைக் குழாயை நுனியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசியில் கத்தரித்து வழித்துத் தேய்த்திருக்கிறோம். சிக்கனத்தை நண்பரிடமிருந்து நாங்கள் கற்க வேண்டியதில்லை. அவரும் நானும் ஒரே விடுதியில் மூன்று ஆண்டுகள் இருந்தோம். மாதா மாதம் என் கட்டணம் தாமதமானது ஏன் என்று அவருக்குத் தெரியும். மற்றவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பதிவை நீக்கச் சொல்லவில்லை, அது அவர் பக்கம். என் வரியைப் படமெடுத்து வட்டம் போட்டு மேலே ஒட்டியிருக்கிறாரே, அதை மட்டும் எடுத்துவிடட்டும். அம்மா இப்போது முகநூல் பார்க்கிறார்.