லாகோஸில் எனக்கு நடந்த சில்லறைக் கல்யாணம்

நைஜீரியாவின் லாகோஸுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஜெனரேட்டர் சத்தத்தில் தூங்கப் பழகிவிட்டேன். தெருவில் போகிறவர்கள் ‘ஓயின்போ’ என்று கூப்பிடுவதும் பழகிவிட்டது. வெள்ளைக்காரருக்கு உண்டான அந்தப் பட்டம் என் கறுப்புத் தோலுக்கு எப்படிப் பொருந்தியதோ! எல்லாம் சரி, இந்தச் சில்லறை விவகாரத்தை மட்டும் தாங்க முடியவில்லை ஐயா.

இங்கே டான்ஃபோ என்று ஒரு வேன். மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டே ‘யாபா, யாபா’ என்று வண்டி போகும் பேட்டையின் பேரைக் கத்துவார். கூடவே ‘எண்டர் வித் யுவர் சேஞ்ச் ஓ!’ சில்லறையோடு ஏறு என்று மிரட்டல். எங்கே போவது சில்லறைக்கு? எனக்கு ஏடிஎம் கக்குவதெல்லாம் 1000 நைரா தாள். டிக்கெட்டும் கிடையாது. நம்மூர் கண்டக்டராவது பாக்கியை டிக்கெட்டுக்குப் பின்னால் கிறுக்கித் தருவார்.

நேற்று சாயங்காலம் ஒபாலெண்டேயில் ஏறி 1000 கொடுத்தேன். கட்டணம் 500. வாங்கி, நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டார். தேர்ட் மெயின்லேண்ட் பாலத்தில் வண்டி நின்றேவிட்டது. கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் பாலம் அது. ஊரின் தீவுப் பகுதியில் வேலை, மறுகரையில் வீடு என்று இருக்கிறவர்களில் பாதிப் பேர் அதன் மேல்தான் நிற்கிறார்கள். இந்த நெரிசலுக்கு ‘கோ ஸ்லோ’ என்று பேர். ஸ்லோ தெரிகிறது, ‘கோ’ எங்கே? மூன்று முறை பாக்கி கேட்டேன். மூன்று முறையும் ‘பொறு’ என்றார்.

யாபா வந்தது. எனக்கும் பக்கத்து சீட்டு அம்மாவுக்கும் சேர்த்து ஒரே 1000 நைரா தாளை என் கையில் திணித்தார். ‘பிரித்துக்கொள்ளுங்கள்’ என்றார், அடுத்த நொடி வண்டியில் தொற்றிக்கொண்டு போயே போய்விட்டார். இதற்கு இந்த ஊரில் கல்யாணம் பண்ணி வைப்பது என்றே பேராம்! தாளைப் பார்த்தேன். மூலையில் நீல மைக் கறை. நான் கொடுத்த அதே தாள்!

அப்புறம் என்ன, ஊர்வலம்தான். நான் ஓடிவிடுவேனோ என்று அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் பாக்கெட் பையனிடம் சில்லறை இல்லை. பழக்கடையில் இல்லை. கடைசியில் 200 நைராவுக்கு வேர்க்கடலை வாங்கித்தான் தாளை மாற்றினேன். அந்த அம்மா தன் 500ஐ எண்ணி வாங்கிக்கொண்டார். எனக்கு 300ம் கடலையும்.

கடலையிலும் பாதி கேட்டார்.