பனிமூட்டத்தில் விமானத்தை இறக்கிய குரல்

அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே, சலிப்பூட்டும் வேலைகளை உதறிவிட்டு எழுத்துக்கு வந்தவர் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே அந்த வேலைகள்தாம் என்பது என் எண்ணம்.

1936இல் லண்டனில் அரசுத் தணிக்கைப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்த கதையை விட்டுவிடலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் அவர் பார்த்த ரேடார் வேலைதான் முக்கியம். பனிமூட்டத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் தவிக்கும் விமானியிடம், தரையில் நிற்கும் வண்டிக்குள் ரேடார் திரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் ஒருவர், எவ்வளவு திரும்ப வேண்டும், எவ்வளவு தாழ வேண்டும் என்று பதறாத குரலில் வானொலி வழியே சொல்லிச் சொல்லியே விமானத்தை இறக்கிவிடும் முறை அது. அமெரிக்காவில் இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸின் குழு உருவாக்கிய அந்தக் கருவி சோதனை நிலையில் இருந்தபோதே கிளார்க் அதனுடன் பணியாற்றினார். பின்னர், 1963இல், அந்த அனுபவத்தைக் கொண்டே ஒரு நாவலும் எழுதினார். அறிவியல் புனைவு அல்லாத அவருடைய ஒரே நாவல் அதுதான். ஆனால் அவருடைய விண்வெளிக் கதைகளிலும் நான் கேட்பது அதே குரலைத்தான். முன்பின் அறியாத ஓர் இடத்தில் வாசகரை நிறுத்தி, தூரத்தையும் வேகத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, கலவரப்படாமல் தரைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியான அவருடைய கட்டுரையையும் இப்படித்தான் வாசிக்கிறேன். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் 3 செயற்கைக்கோள் நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார். சுற்றுப்பாதைக் கணக்கு சரியாக இருந்தது. ஆனால் அந்த நிலையங்களில் ஆட்கள் தங்கிப் பணிபுரிவார்கள் என்றும் அவர் எண்ணியிருந்தார். டிரான்சிஸ்டர் இன்னும் பிறக்காத காலம்; வானொலிக் கருவிகள் வால்வுகள் எனப்படும் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டே இயங்கின. அவை பழுதானால் மாற்றுவதற்கு ஆள் வேண்டாமா? கனவு மட்டுமே காண்பவருக்கு இந்தப் பிழை நேர்ந்திருக்காது என்பதாலேயே எனக்கு அது மிகவும் பிடித்தமானது.

போருக்குப் பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் படித்த அவர், இயற்பியல் ஆய்வுகளின் சுருக்கங்களை வெளியிடும் இதழொன்றில் துணையாசிரியராக இருந்தார். பிறர் நீட்டி எழுதியதைச் சாரம் குறையாமல் சில வரிகளில் அடக்கும் பயிற்சி எத்தனை எழுத்தாளர்களுக்குச் சம்பளத்தோடு கிடைக்கிறது? முழுநேர எழுத்தாளராக வாழ அவருக்கு வழிசெய்ததும், 1951இல் வெளிவந்த ஒரு நூல்தான். அது நாவல் அல்ல; விண்வெளிப் பயணத்தைப் பொதுமக்களுக்கு விளக்கும் அறிவியல் நூல்.