தணல் போன பிறகு வந்த பெட்டி

இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், எயார் பிரையர் வாங்கலாமா என்று. ஒருவர் பாடசாலையில் என்னோடு கற்பிக்கும் ஆசிரியை. ஒருவர் திருகோணமலை உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. மற்றவர் மீன் சந்தையில் என் பையைப் பிடித்து நிறுத்திக் கேட்ட மச்சாள். மூவருக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்லிக் குழப்பிவிட்டேன். அதனால் இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவைத்துவிட்டு வாசியுங்கள்.

2024 டிசம்பரில் கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி, பால்மா, சவர்க்காரம், சொக்கலேட் ஆகியவற்றோடு இந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தான். "இனி எண்ணெயே தேவையில்லை அக்கா" என்றான். அம்மா அன்று வடைக்கு உழுந்து அரைத்து வைத்திருந்தார். அவன் பேச்சை நம்பி மாவைத் தட்டி உள்ளே வைத்தேன். பாதி மாவு கூடையின் துளைகள் வழியே கீழே வழிந்தது. மாவிலிருந்து பிய்ந்த கறிவேப்பிலை காற்றில் எழுந்து மேலே இருக்கும் சூட்டுச் சுருளில் ஒட்டிக் கருகியது. வீடு முழுவதும் ஒரே புகை. மிஞ்சியதை வடை என்று எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். அவர் அதை மேசையில் தட்டிப் பார்த்தார். யாரோ கதவைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. "பிள்ளை, இதை நாய்க்கும் போடாதே, பல் போய்விடும்" என்று சொல்லிவிட்டுத் தாச்சியை எடுத்து அடுப்பில் வைத்தார்.

யோசித்துப் பார்த்தால் பிழை முழுவதும் பெயரில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியபோது பிரையர் என்று பெயர் வைத்தார்கள். விற்பனைக்கு அந்தப் பெயர் எடுபடும், வேறென்ன. உள்ளே இருப்பது சுருள் ஒன்றும் விசிறி ஒன்றும். சுருளில் சூடேறிய காற்றை விசிறி ஒரு சின்னக் கூடைக்குள் சுழற்றி அடிக்கிறது. பேக்கரிக்காரர் வைத்திருக்கும் விசிறி போட்ட போறணையின் குட்டி இது. கொதிக்கும் எண்ணெய் ஒரு பண்டத்தை நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். போட்ட மாவு வழிவதற்குள் மேலே தோல் கட்டிவிடும். காற்றுக்கு அந்தப் பிடி இல்லை. சூட்டைக் கடத்துவதில் அது சோம்பேறி, அதனால் விசிறி போட்டு விரட்டவேண்டியிருக்கிறது. துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று குவித்தால் நடுவில் இருப்பவை பொரியாமல் அவிந்துபோவதும் இதனால்தான்.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. வறுக்கிறோம், வதக்குகிறோம், வாட்டுகிறோம், பொரிக்கிறோம், சுடுகிறோம். (வடையையும் சுடுவதாகச் சொல்லி வழக்கைக் குழப்புபவர்கள் இருக்கிறார்கள், தெரியும். அவர்கள் கருத்துப்பெட்டியில் சண்டைக்கு வரலாம்.) இந்தப் பெட்டி சுடும். பொரியலோடு இதை ஒப்பிட்டால் ஒவ்வொரு நாளும் தோற்கும். தணலோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

என் அம்மம்மாவின் வீடு சாம்பல்தீவில். பெயரிலேயே சாம்பல் இருக்கிற ஊர். மத்தியானச் சமையல் முடிந்து விறகை வெளியே இழுத்து அணைத்த பிறகு அடுப்பில் மிஞ்சும் தணல் அவருடைய இரண்டாவது அடுப்பு. வற்றாளங்கிழங்கை அதற்குள் புதைப்பார். முழுக் கத்தரிக்காயைத் தோல் கருகும்வரை போட்டெடுத்து உரித்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பால், தேசிக்காய்ப்புளி விட்டுப் பிசைந்து சம்பல் செய்வார். கருவாடு சுடுவார், அப்பளம் சுடுவார். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அதை ஆரோக்கியச் சமையல் என்று யாரும் சொன்னதில்லை. எண்ணெய் காசு கொடுத்து வாங்குவது, தணல் சும்மா கிடந்தது, அவ்வளவுதான். பிறகு காஸ் அடுப்பு வந்தது. புகை போனது, கண் எரிச்சல் போனது. அதற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் தணலும் அதோடு போய்விட்டது. காஸ் சுவாலையில் கத்தரிக்காயை வாட்டலாம், கிழங்கைப் புதைக்க முடியாது. சுட்டுத் தின்றவற்றையெல்லாம் நாங்கள் எண்ணெயில் போடத் தொடங்கியது அதன் பிறகுதான் என்பது எங்கள் வீட்டை வைத்து நான் போடும் கணக்கு.

2022இல் காஸுக்கு வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். 12.5 கிலோ சிலிண்டர் 5,000 ரூபாவை நெருங்கியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. அம்மா கொல்லையில் மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டினார். ஒரு நாள் மிஞ்சிய தணலில் இரண்டு வற்றாளங்கிழங்கைப் புதைத்தெடுத்து மகனுக்குக் கொடுத்தார். அப்போது அவனுக்கு ஏழு வயது. வாய் முழுக்கக் கரியோடு இன்னும் கேட்டான். வடை விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து, அதே கிழங்கைக் கழுவித் துடைத்து, முள்ளுக்கரண்டியால் நாலு குத்துக் குத்தி, 190 பாகையில் 35 நிமிடம் பெட்டிக்குள் வைத்தேன். தோல் சுருங்கி, பாகு கசிந்து கூடையில் கறுப்பாக உறைந்திருந்தது. மணத்துக்கே மகன் குசினிக்குள் வந்துவிட்டான். "காஸ் இல்லாத காலத்துக் கிழங்கு!" என்றான். புகை மணம் இல்லைதான், அதை எந்தப் பெட்டியும் தராது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இந்தப் பெட்டியின் பாஷை விளங்கத் தொடங்கியது.

இப்போது வாரத்தில் நாலைந்து நாள் அது வேலை செய்கிறது. கத்தரிக்காய்தான் முதல் மரியாதைக்குரியது. எங்கள் பால்கறிக்குக் கத்தரிக்காயைப் பொரித்துப் போடவேண்டும், அதுவோ கடற்பஞ்சு போல எண்ணெயைக் குடிக்கும். ஒரு கறிக்கு அரைத் தாச்சி எண்ணெய் வைத்தால் இறக்கும்போது பாதி காணாமல் போயிருக்கும். நீளமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவிக் கால்மணிநேரம் வைத்து, விட்ட நீரைப் பிழிந்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பிரட்டி 180 பாகையில் 18 நிமிடம் வைத்தால் ஓரம் சிவந்து உள்ளே மெத்தென்று வரும். பாலில் போட்டு இறக்கினால் அம்மாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார்.

மீனில் கீரியும் சூடையும் இதற்கென்றே பிறந்தவை. உடம்பிலேயே கொழுப்பு இருப்பதால் தங்கள் எண்ணெயில் தாங்களே வெந்துகொள்ளும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய்ப்புளி தடவி அரைமணிநேரம் ஊறவைத்து, 200 பாகையில் 12 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பவேண்டும். பாரைத் துண்டை அப்படி வைக்காதீர்கள், வைக்கோலாகிவிடும். மேலே எண்ணெய் தடவித்தான் ஆகவேண்டும். கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரில் ஊறிய கோழித்தொடை பிரமாதமாக வரும். கருவாடு சுடலாம், ஆனால் பெட்டியை விறாந்தைக்குக் கொண்டுபோய்ச் சுடுங்கள். மாரி மழை நாளில் சோம்பலில் குசினிக்குள்ளேயே சுட்டேன். கூடையை மூன்று தரம் கழுவியும் மறுநாள் காலை அதில் வாட்டிய பாண் கருவாட்டுப் பாணாக வந்தது. கழுவும்போது கம்பிச்சுருள் போட்டுத் தேய்க்காதீர்கள், ஒட்டாத பூச்சு உரிந்துவிடும். இது அம்மாவிடம் பத்து முறை சொல்லியும் பலிக்காத ஒன்று.

அம்மாவுக்கும் பெட்டிக்கும் இருக்கும் பெரிய வழக்கு வேறு. வெள்ளிக்கிழமைகளில் அதைத் தொடவிட மாட்டார். "மச்சம் பட்ட பெட்டிக்குள் விரதச் சமையலா?" கூடையை வெந்நீரில் கழுவலாம், சுருளையும் விசிறியையும் எப்படிக் கழுவுவாய் என்று கேட்கிறார். பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கருவாட்டுப் பாணை அவரும் சாப்பிட்டிருக்கிறார். ஆடி அமாவாசையன்று அப்பாவுக்காகப் படைக்கும் காத்தோட்டிக்காயை இதில் வைக்கலாமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு இரண்டு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேட்டது என் பிழைதான். அந்தக் கசப்புக்கு எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிந்தால்தான் மரியாதை.

மின்சாரக் கதைக்கு வருகிறேன், கடைக்காரர்கள் சொல்லாத பகுதி இது. எங்கள் பெட்டி 1500 வாற். இருபது நிமிடம் விடாமல் ஓடினால் அரை அலகு. ஒரு நாளைக்கு ஒருமுறை என்றால் மாதம் 15 அலகு வரை வரும். நம் கட்டண முறையில் மாதம் 60 அலகைத் தாண்டிய வீட்டுக்கு அட்டவணையே மாறிவிடும். முதல் அலகிலிருந்து வேறு கணக்கு. 50 அலகில் அடக்கமாக இருக்கும் வீட்டை இந்தப் பெட்டி எல்லை தாண்ட வைத்துவிடும். எண்ணெயில் மிச்சம் பிடித்ததை அங்கே கொடுக்கவேண்டிவரும். ஏற்கெனவே நூறைத் தாண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பயம் இல்லை, வேறு பயம் உண்டு. 1500 வாற்றை 230 வோல்ட்டால் பிரித்தால் ஆறரை அம்பியர். உவர்மலையில் எங்களுடையது போன்ற பழைய வீடுகளில் குசினிச் சுவரில் இருப்பது ஐந்து அம்பியர் வட்டத்துளை பிளக் பொயின்ட். தம்பி கொண்டுவந்ததோ சதுரக் கால் வைத்தது. சந்தையில் வாங்கிய மலிவு அடாப்டர் ஒன்றை நடுவில் வைத்து ஓட்டினோம். இரண்டாம் மாதம் அடாப்டர் பழுப்பாகி வளைந்து, சுவரெல்லாம் மீன் கருகியது போல ஒரு நாற்றம். நான் மீனைத் திட்டிக்கொண்டிருந்தேன். மின் வேலை தெரிந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் குசினியையே சுட்டிருப்பீர்கள் என்றார். 13 அம்பியர் பொயின்ட் ஒன்றைத் தனி வயரோடு இழுத்த பிறகுதான் நிம்மதி.

மின்சாரம் போனால் பெட்டி வெறும் அலுமாரி என்பதையும் சொல்லவேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சமையல் நேரம். எங்கோ தெற்கில் ஒரு மின் உபநிலையத்துக்குள் குரங்கு புகுந்ததென்று நாடு முழுவதும் இருண்டது. கோணேசர் கோவிலடிக் குரங்குகள் கையில் இருக்கும் தேங்காயைப் பறிப்பதோடு நிறுத்திக்கொள்பவை, நாட்டுக் கரண்டையே பறித்த குரங்கை அன்றுதான் கேள்விப்பட்டேன். என் கீரிமீன் பாதி வெந்து நின்றது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தாச்சியை எடுத்தார்.

ஆரோக்கியம் பற்றி ஊதுபவர்களுக்கும் ஒன்று. திருகோணமலைக்காரருக்கு எண்ணெய் என்றால் சீனக்குடாவில் நிற்கும் 99 எரிபொருள் தாங்கிகள்தான் முதலில் நினைவுக்கு வரும். அதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், நான் தாச்சி எண்ணெயைப் பேசுகிறேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. தேங்காய் எண்ணெயானாலும் மரக்கறி எண்ணெயானாலும் அதுதான். பொரிப்பதைச் சுட்டால் அதில் கணிசமாகக் குறையும், உண்மை. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய லாபம், பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கோப்பையில் ஊற்றிவைத்து மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சும் பழக்கம் ஒழிந்தது. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது தேங்காய் எண்ணெயை அம்மா மருந்து போல அளந்தார். அப்போது பெட்டியைக் கொஞ்சம் மதித்தார் என்றும் சொல்லவேண்டும். ஆனால் இதில் சமைத்தால் தீங்கே இல்லை என்பது பொய். மாப்பொருள் உள்ள உணவு 120 பாகைக்கு மேல் உலர்ந்து சிவக்கும்போது அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் உருவாகிறது என்று 2002இல் சுவீடனில் கண்டுபிடித்தார்கள். எண்ணெயானாலும் காற்றானாலும் உருளைக்கிழங்கைக் கருக விட்டால் அது வரும். வெட்டி அரைமணிநேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, பொன்னிறத்தோடு எடுத்துவிடுங்கள். கடையில் வாங்கிய உறைந்த ரோல்ஸை வாரம் ஐந்து நாள் சூடாக்கித் தின்றுவிட்டு எண்ணெய் இல்லாமல் சாப்பிடுகிறேன் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எனக்குக் கிடைத்த லாபத்தைக் கேட்டால் கலோரியைச் சொல்லமாட்டேன். கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் பாடசாலை விட்டு வந்து, அந்த வெக்கையில் தாச்சிக்கு முன் நின்று மீன் திருப்பியவர்களுக்குத் தெரியும். இப்போது கூடையைத் தள்ளிவிட்டு முகம் கழுவப் போகிறேன். திருப்பவேண்டிய நேரத்தில் மகளோ கணவரோ திருப்புகிறார்கள். கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் வரப் பயந்த கணவர் கூடைக்கு முன் வீரர்.

சரி, மூவருக்கும் பதில். மச்சாள், உங்கள் வீட்டில் எட்டுப் பேர். நாலு லீற்றர்க் கூடையில் எட்டுப் பேருக்கு மீன் சுட நாலு தரம் வைக்கவேண்டும், கடைசித் துண்டு வெந்து வரும்போது முதல் துண்டு ஆறிவிடும். வேண்டாம். அக்கா, உங்கள் குசினிச் சுவரை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அந்தப் பிளக் பொயின்டை மாற்றுங்கள், பிறகு பேசுவோம். ஆசிரியையே, நீங்கள் இரண்டு பேர்தானே, தாராளமாக வாங்குங்கள். வடை தின்ன ஆசை வந்தால் மட்டும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அம்மா தாச்சியைப் பரணில் ஏற்ற விடவில்லை.