நீர்மூழ்கி மீட்பில் கௌரவம் பார்க்க நேரமில்லை

நீர்மூழ்கிக் கப்பல் வாங்கினால் ஊரெல்லாம் பேசுகிறோம். அது கடலடியில் மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர்களை எப்படி எடுப்பது என்று பேசுகிறவர்கள் குறைவு.

நம் கடற்படையிடம் டிஎஸ்ஆர்வி என்ற மீட்புக் கலம் இரண்டு இருக்கிறது. 2018-இல் வந்தது மும்பையில், அடுத்தது விசாகப்பட்டினத்தில். 650 மீட்டர் ஆழம் வரை போகும். கீழே கிடக்கும் கப்பலின் அவசரக் கதவுமேல் போய் உட்கார்ந்து, நடுவில் சிக்கிய தண்ணீரைப் பம்ப் வைத்து வெளியேற்றும். அதன்பின் சுற்றியுள்ள கடலின் அழுத்தமே இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கதவைத் திறந்து, ஒரு நடைக்கு 14 பேரை மேலே கொண்டுவரலாம்.

ஆனால் கலம் இருந்தால் மட்டும் போதாது. 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கி உள்ளே வெடித்து மூழ்கியது வெறும் 108 மீட்டரில். 118 பேரில் 23 பேர் வெடிப்புக்குப் பிறகும் பின்பகுதியில் உயிரோடு இருந்தார்கள். கோலெஸ்னிகோவ் என்ற அதிகாரி அந்த இருட்டிலேயே அவர்கள் பெயர்களை எழுதி வைத்திருந்தார். ரஷ்யக் கலங்களால் கதவில் பொருந்த முடியவில்லை. வெளிநாட்டு உதவியை ஏற்கவே நான்கு நாள் ஆனது. நார்வே முக்குளிப்பு வீரர்கள் கதவைத் திறந்தபோது உள்ளே தண்ணீர்தான். உடனே கூப்பிட்டிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்கிறார்கள். இருக்கலாம். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாதே! தெரியாத நேரத்தில் தயங்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதே ரஷ்யாவின் ஏஎஸ்-28 என்ற மீட்புக் கலமே 2005-இல் கம்சாட்கா அருகே மீன்வலையிலும் கேபிளிலும் சிக்கிக்கொண்டது. காசிமேட்டில் புரொபெல்லரில் வலை சுற்றினால் ஒருவர் கத்தியோடு குதித்து அறுத்துவிடுவார். 190 மீட்டரில் யார் குதிப்பது? இந்த முறை உடனே உதவி கேட்டார்கள். பிரிட்டனின் ஆளில்லா ஸ்கார்ப்பியோ கருவி விமானத்தில் வந்து இறங்கி வலையை அறுத்தது. ஏழு பேரும் உயிரோடு மேலே வந்தார்கள்.

2021-இல் இந்தோனேசியாவின் நங்காலா நீர்மூழ்கி 53 பேரோடு காணாமல் போனபோது, மறுநாளே விசாகப்பட்டினத்திலிருந்து நம் கலம் கிளம்பியது. கப்பல் 800 மீட்டருக்கும் கீழே உடைந்து கிடந்ததால் பயனில்லாமல் போனது. ஆனாலும் கிளம்பியதுதான் சரி. நடுக்கடலில் பக்கத்து விசைப்படகு தத்தளித்தால் எந்த ஊர்ப் படகு என்று கேட்டுக்கொண்டா நம் ஆட்கள் போகிறார்கள்?

இப்போது நம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் 2025 தொடக்கத்தில் மத்ஸ்யா 6000 சோதனை நடந்திருக்கிறது. மூன்று பேரோடு 6000 மீட்டர் இறங்கப்போகிற ஆழ்கடல் ஆய்வுக் கலம். டிஎஸ்ஆர்வி எட்டுவதைப் போல ஒன்பது மடங்கு ஆழம்! அவசரத்துக்கு 96 மணி நேரம் உள்ளே தாக்குப்பிடிக்கலாம். அந்த நேரத்துக்குள் எந்த நாட்டை, எந்தக் கப்பலைக் கூப்பிடுவது, அது சென்னை வந்துசேர எத்தனை மணி நேரமாகும் என்பதை ஆழ்கடல் முழுக்குக்கு முன்பே மக்களிடம் சொல்லிவிட வேண்டும்.