எழுபது போதும்மா

ஆகஸ்டில் பள்ளி திறந்த முதல் வாரம், பையன் ஒரு தாளை நீட்டினான். "கையெழுத்துப் போடும்மா, நாளைக்குக் கொடுக்கலைன்னா மார்க் போயிடும்." ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா 1-இன் சிலபஸ். நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடத்திட்டம். இங்கே டெக்சாஸில் அது பாதி பாடத்திட்டம், பாதி ஒப்பந்தப் பத்திரம். பென்சிலில்தான் எழுத வேண்டும், வீட்டுப்பாடம் ஒரு நாள் தாமதமானால் பத்து மார்க் போகும், மூன்று நாள் தாண்டினால் முட்டை, டெஸ்டுக்கு 60 சதவீதம், மற்றதெல்லாம் சேர்த்து 40. தோசைக்கல்லில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வங்கிக் கடன் பத்திரத்தையே படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பரம்பரை.

இப்போது அக்டோபர். அந்தத் தாளை நாலு தடவை படித்துவிட்டேன். அதில் ஒரே ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். இங்குள்ள நம் ஆட்களிடம் "பையன் ஒன்பதாவதில் அல்ஜீப்ரா 1 படிக்கிறான்" என்று சொன்னால் ஒரு சின்ன மௌனம் விழும். "ஓ... ஒன்னா?" என்பார்கள், ஏதோ காய்ச்சலா என்று கேட்பது போல. அவர்கள் பிள்ளைகள் எட்டாவதிலோ ஏழாவதிலோ முடித்திருப்பார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் தானாகவே மேல்நிலைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023-இல் டெக்சாஸில் சட்டமே வந்தது. எட்டாவதிலேயே அல்ஜீப்ரா 1-ஐத் தொட வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல சட்டம்தான். ஆனால் மீதி 60 சதவீதம் பிள்ளைகள் ஒன்பதாவதில் படிப்பது குற்றமில்லையே? அதுதான் அந்தப் பாடத்துக்கு வழக்கமான வயசு.

சரி, சிலபஸுக்கு வருகிறேன். அதில் என் கணவருக்குக் கோபம் வந்த வரி வேறு: "எல்லாப் படிகளையும் காட்ட வேண்டும், விடை மட்டும் எழுதினால் மார்க் இல்லை." இவர் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது நாமெல்லாம் படித்த முறை. 2எக்ஸ் + 5 = 17 என்றால், அஞ்சைத் தூக்கி அந்தப் பக்கம் போடு, சைன் மாறிடும், 2எக்ஸ் = 12. கணக்கு சார் ஒரு மார்க் குறைத்து, 'இரண்டு பக்கமும் ஐந்தைக் கழி, கழித்ததைக் காட்டு' என்று எழுதி அனுப்பிவிட்டார். "முப்பது வருஷமா இப்படித்தான் போடறேன், எனக்கு எவனும் மார்க் குறைச்சதில்லை" என்று ராத்திரி முழுக்கப் புலம்பல்.

நானும் முதலில் இவர் பக்கம்தான். அப்புறம் பையனின் நோட்டைப் பார்த்தேன். 2எக்ஸ் = 12 என்ற இடத்திலிருந்து அவன் அடுத்து எழுதியிருந்தது: எக்ஸ் = −6. கேட்டால், "ரெண்டு அந்தப் பக்கம் போச்சுல்ல, அப்பா சொன்னாரே, போனா சைன் மாறும்னு" என்கிறான். தூக்கிப் போடுவது அப்பாவுக்குக் குறுக்குவழி; ஏனென்றால் எதற்காகத் தூக்குகிறோம் என்று அவருக்குத் தெரியும். பையனுக்கு அது வெறும் மந்திரம். அல்ஜீப்ரா என்ற பெயரே 'அல்-ஜபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி அந்தச் சொல்லால் குறித்தது இதைத்தான்: ஒரு பக்கம் கழிபட்டு நிற்பதை, இரண்டு பக்கமும் ஒரே அளவைக் கூட்டிச் சரிசெய்வது. இதைச் சொன்னதும் இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

படிகளைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போனை நீட்டினால் போட்டோமேத் என்கிற ஆப் முழு விடையையும் படி படியாகக் கொட்டிவிடுகிறது. டெக்சாஸில் 2025-26 கல்வியாண்டிலிருந்து பள்ளி நேரத்தில் செல்போனுக்குச் சட்டப்படியே தடை. வீட்டுக்கு வந்தபின் அந்தத் தடை எங்கே? அதனால்தான் வீட்டுப்பாடத்துக்கு மார்க் குறைவு, டெஸ்டுக்கு அதிகம். இதெல்லாம் எனக்குச் சம்மதம். தாமதத்துக்கு மார்க் குறைப்பதும் சம்மதம்.

என் சண்டை ரீடெஸ்ட் விதியோடு. டெஸ்டில் 70-க்குக் கீழே வாங்கினால் ஒரே ஒரு முறை மறுபடி எழுதலாம். அதற்கு முன் தப்பான கணக்குகளையெல்லாம் திருத்தி, எங்கே தவறு, ஏன் தவறு என்று வாக்கியமாக எழுதித் தர வேண்டும். காலையில் ஏழரைக்கு டுட்டோரியலுக்கு, அதாவது பள்ளியிலேயே நடக்கும் தனிப் பயிற்சிக்கு, வர வேண்டும். ஐந்து பள்ளி நாளுக்குள் முடிக்க வேண்டும். இதுவரை அருமை. கடைசியில் அரை வரி: ரீடெஸ்டில் எவ்வளவு வாங்கினாலும் அதிகபட்சம் 70 தான் பதிவாகும்.

பையன் முதல் டெஸ்டில் 58. ஒரு கணக்கு, −3(எக்ஸ் − 4) = 18. அவன் −3எக்ஸ் − 12 என்று பிரித்து, எக்ஸ் = −10 என்று முடித்திருந்தான். சரியான விடை −2. திருத்தத் தாளில் அவன் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எக்ஸுக்கு மைனஸ் 3-ஐக் கொடுத்தேன், 4-க்கு வெறும் 3-ஐக் கொடுத்தேன்." நான் அந்தத் தாளை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். தன் தவறைத் தானே இவ்வளவு துல்லியமாகச் சொல்ல அந்த வயசில் எனக்கு வராது. எங்களுக்கெல்லாம் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

ரீடெஸ்ட் அன்று சாயங்காலம் வண்டியில் ஏறினான். பத்துக் கணக்கு, எட்டு போட்டானாம். கடைசி இரண்டும் வாக்கியக் கணக்கு, அவற்றைத் தொடவே இல்லை. நேரம் பத்தலையா என்றேன்.

"நேரம் இருந்துச்சும்மா. எட்டு சரியா இருந்தா எண்பது. எப்படியும் எழுபதுதானே போடுவாங்க? எழுபது போதும்மா."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

டெக்சாஸில் இந்த எழுபதுக்குத் தனி மகத்துவம் உண்டு. இங்கே 'நோ பாஸ், நோ ப்ளே' என்று ஒரு விதி. 1984-இல் வந்த பள்ளிச் சீர்திருத்தச் சட்டத்தில் சேர்ந்தது. அதற்கு வழி போட்ட குழுவின் தலைவர் ராஸ் பெரோ, பின்னாளில் அதிபர் தேர்தலில் நின்ற அதே கோடீஸ்வரர். ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் எந்தப் போட்டியிலும் நிகழ்ச்சியிலும் கலந்துகொள்ள முடியாது, பயிற்சிக்கு மட்டும் போகலாம். என் பையன் பள்ளி பேண்டில் டிராம்போன் வாசிக்கிறான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் மைதானத்தில் அவன் நிற்பதும், நிற்காததும் அல்ஜீப்ரா மார்க்கைப் பொறுத்தது. (கல்லூரித் தரத்தில் பாடம் நடத்தும் ஏபி மாதிரிப் பெரிய வகுப்புகளுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. அங்கே தவறினாலும் வாசிக்கலாம். சாதாரண அல்ஜீப்ரா 1 பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது.) ஆக, ஒரு பக்கம் எழுபதுக்குக் கீழே போகாதே என்று ஒரு சட்டம், இன்னொரு பக்கம் எழுபதுக்கு மேலே போனாலும் கணக்கில்லை என்று ஒரு விதி. நடுவில் நிற்கிற பதினாலு வயசுப் பையன் எதைக் குறி வைப்பான்?

அவன் விட்டுவிட்டு வந்த அந்த வாக்கியக் கணக்குகள்தான் எனக்குக் கவலை. அடுத்து நேர்கோடு, சாய்வு, அப்புறம் இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது என்று எல்லாமே அதன் மேல்தான் ஏறுகிறது. வரலாற்றில் ஒரு போரைக் கோட்டைவிட்டால் அடுத்த போரைப் படித்துக்கொள்ளலாம். அல்ஜீப்ராவில் செப்டம்பர் ஓட்டை மே மாதம் வரை ஒழுகும். கல்வியாண்டின் கடைசியில் மாநிலத் தேர்வு வேறு. உயர்நிலைப் பள்ளியை முடிக்க எழுத வேண்டிய மாநிலத் தேர்வுகளில் அல்ஜீப்ரா 1-உம் ஒன்று.

வாட்ஸ்அப்பில் இதைச் சொன்னதும் ஒரு அக்கா, "முதல் தடவையே ஒழுங்காப் படிச்சவனுக்கும் இவனுக்கும் ஒரே மார்க்கா? அது நியாயமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் வீட்டிலேயே இருக்கிறது. என் கணவருக்கு இன்ஜினியரிங்கில் எம்2, எம்3 என்ற கணக்குப் பேப்பர் இரண்டும் அரியர். மறுபடி எழுதி எம்3-இல் 78 வாங்கினார், மார்க்‌ஷீட்டில் 78 என்றுதான் போட்டார்கள். "நீ அரியர் கேஸ், உனக்கு 50 போதும்" என்று யாரும் குறைக்கவில்லை. இதைச் சொன்னதற்காக அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை என்பது தனிக்கதை.

கணக்கு சாரிடமும் கேட்டேன். நல்ல மனுஷன். நூற்றைம்பது பிள்ளைகள், ஒவ்வொரு ரீடெஸ்டுக்கும் புதுக் கேள்வித்தாள், உச்சவரம்பு இல்லையென்றால் முதல் டெஸ்டுக்கு யாரும் படித்துவிட்டு வர மாட்டார்கள் என்றார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் திருத்தத் தாளும் காலை ஏழரை மணியும் அதற்கான வேலி இல்லையா? படுக்கையை விட்டு எழுவதற்கே ஒரு யுத்தம் நடக்கிற வயசில், சும்மா எவன் இரண்டாம் தடவை எழுத வருவான்? கடைசியில், "இது நான் போட்ட விதி இல்லை, மாவட்டத்தின் விதி" என்றார். (இங்கே மாவட்டம் என்றால் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு.)

அப்போதுதான் மாநிலச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். தரத்தைப் பார்க்காமல் குறைந்தபட்ச மார்க் போடச் சொல்லி ஆசிரியரை மாவட்டம் வற்புறுத்தக் கூடாது என்று இருக்கிறது. அதை வரவேற்கிறேன், ஓசி மார்க் யாருக்கும் வேண்டாம். தவறியதை மறுபடி எழுத வாய்ப்புத் தரலாம் என்றும் இருக்கிறது. உச்சவரம்பு பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. இதற்கெல்லாம் மேலே முதல் வரியாக, பாடம் மாணவனுக்கு எந்த அளவு கைவந்திருக்கிறது என்பதைக் காட்டும் மார்க்கை ஆசிரியர் போட வேண்டும் என்கிறது. எட்டுக் கணக்கைச் சரியாகப் போட்டவனுக்கு எழுபது என்று எழுதுவது எதைக் காட்டுகிறது?

அடுத்த திங்கட்கிழமை மாவட்டப் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். மூன்று நிமிஷம் தருவார்கள். ரீடெஸ்ட் ஒன்றே போதும், ஐந்து நாள் கெடுவும் இருக்கட்டும், அந்த அரை வரியை மட்டும் எடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அந்தத் திருத்தத் தாளின் போட்டோவைக் கையில் கொண்டு போகலாம் என்று நினைத்தேன். பையனிடம் கேட்டதற்கு, "என் பேரை மறைச்சுட்டுக் காட்டும்மா" என்றான். மறைத்துவிட்டேன்.