'டேவிட்' தொலைக்காட்சிப் படத்தில் ரிச்சர்ட் கியர் இல்லை

பைபிளில் வரும் தாவீது ராஜாவின் கதையைச் சொல்லும் 1997 தொலைக்காட்சிப் படமான 'டேவிட்'டில் ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் கியர்தான் தாவீது என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. தவறு. அதில் தாவீதாக நடித்தவர் நதானியேல் பார்க்கர். கியர் நடித்தது 'கிங் டேவிட்'. புரூஸ் பெரெஸ்ஃபோர்ட் இயக்கத்தில் 1985இல் திரையரங்குகளுக்கு வந்த படம். பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வரும்போது கியர் இடுப்புத்துணியோடு ஆடும் காட்சி அதில்தான் உண்டு.

எது எது என்று குழம்பினால் சாமுவேல் தீர்க்கதரிசியின் முகத்தைப் பாருங்கள். 'ஸ்டார் டிரெக்' ஸ்பாக்காகப் புகழ்பெற்ற லியோனார்ட் நிமாய் என்றால் அது தொலைக்காட்சிப் படம். அதில் தாவீதுக்கு முந்தைய ராஜாவான சவுலாக வருபவர் ஜோனதன் பிரைஸ். தாவீதின் மேல் பொறாமைப்பட்டே அழியும் அந்த சவுலுக்காகவே படத்தைப் பார்க்கலாம். தகவலைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து பெயரைத் திருத்திவிடுங்கள்.