அதிகாரம் யார் தந்தது என்று கேட்டவருக்கு

மூன்று நாளாக அந்தக் காணொளியைத்தான் எல்லோரும் பகிர்கிறீர்கள். கடை எது, முதலாளி யார் என்று நான் எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். இளம் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் கொப்பியும் கையுமாக நிற்கிறார். முதலாளி கைபேசியை அவர் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "என் கடைக்குள் வர உமக்கு யார் அதிகாரம் தந்தது?" என்கிறார். கீழே எத்தனை கைதட்டல்!

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சட்டம் தந்தது. இலங்கையின் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம். அதன்படி பரிசோதகர் உணவு விற்கும் இடத்துக்குள் நுழையலாம், பார்வையிடலாம், மாதிரி எடுக்கலாம், பழுதானதைக் கைப்பற்றலாம். தண்டம் விதிக்க அவரால் முடியாது. அது நீதவானின் வேலை. "என் கடையைப் பூட்டப் பார்க்கிறான்" என்று முதலாளி கத்துகிறாரே, சீல் வைப்பதற்கும் நீதிமன்றக் கட்டளை வேண்டும். பரிசோதகர் வழக்குத் தாக்கல் செய்யலாம், அவ்வளவுதான். துணிவிருந்தால் நீதவான் ஐயாவின் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்துப் பாருங்களேன்.

அந்த அதிகாரம் அவருடைய சொந்தச் சொத்தல்ல. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம், உள்ளூராட்சி சபை, சுகாதார வைத்திய அதிகாரி என்று மேலே ஒரு வரிசையே இருக்கிறது. அதன் கடைசி ஆள் மோட்டார் சைக்கிளில் வெயிலில் வருகிறார். திட்டு மட்டும் நேரே அவருக்கு.

என் அப்பாவும் இதே வேலைதான் செய்தார். எண்பதுகளில் சைக்கிளில். உணவு மாதிரிப் போத்தலுக்கு முத்திரை வைப்பதை ஒருநாள் பார்த்திருக்கிறேன். மெழுகுதிரிச் சுடரில் சிவப்பு அரக்கை உருக்கி, நூல் முடிச்சின்மேல் சொட்டவிட்டு, அது இறுகுமுன் பித்தளை முத்திரையை அழுத்துவார். முத்திரை கொஞ்சம் சரிந்தால் முழுவதையும் பிரித்து மறுபடி தொடங்குவார். "அப்புக்காத்து இதைத்தான் முதலில் பிடிப்பார்" என்பார், சட்டத்தரணியைத்தான் அப்படிச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டம் 'கக்கூஸ் பரிசோதகரின் மகன்'. அதை இன்னும் மறக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

"அவர்கள் இலஞ்சம் வாங்குவதில்லையா?" என்று ஒருவர் வருவார். வாங்குபவரைப் பிடித்துக் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். அதற்காக வாங்காதவனின் மூக்கில் கைபேசியை இடிக்க வேண்டுமா? "பெட்டிக்கடையில் காட்டும் வீரத்தைப் பெரிய ஹோட்டல்களில் காட்டுவார்களா?" என்று இன்னொருவர். அதில் உண்மை இருக்கிறது. எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் இந்தக் கடை பெட்டிக்கடை அல்ல என்பதும் உங்களுக்குத் தெரியும்.

சரி, அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் வந்தீர் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. கேட்ட பிறகு பதில் சொல்ல விடுங்கள். காணொளியில் அவர் வாயைத் திறந்தது இரண்டே தடவை.

எனக்கு உண்மையான கோபம் மேலே இருப்பவர்கள்மீது. 2020 ஜூலையில் இந்தப் பரிசோதகர்களே கொரோனாப் பணியிலிருந்து விலகி நின்றார்களே, நினைவிருக்கிறதா? தனிமைப்படுத்தல் பணியில் எங்கள் அதிகாரத்தைச் சட்டப்படி வர்த்தமானியில் போடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 1897 ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தை வைத்துக்கொண்டு வீடுவீடாக அனுப்பினார்கள், வாசலில் "நீர் யார்?" என்று கேட்டவர்களுக்கு இவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது இவர்களைக் கடவுள் என்று பதிவு போட்டவர்களில் சிலர் இன்று கைதட்டும் வரிசையிலும் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். நுளம்புக் குடம்பி தேடி வந்தால் மட்டும் "எங்கள் கிணற்றை எட்டிப் பார்க்க நீர் யார்?" அயல்வீட்டுப் பிள்ளை டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் "சுகாதாரப் பகுதி தூங்குகிறதா?"

நேற்றிரவு அப்பாவுக்குக் காணொளியைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பெடியன் உணவு மாதிரி எடுத்தானா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

காணொளியில் அது இல்லை என்றேன்.